பாடத்தின் நடுவே போன ஊர்கள்

ரங்கையா தோணியின் நடுவில் நின்றுகொண்டு நட்சத்திர மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கை காற்றில் சுழன்றது. மற்றொரு கை வேட்டியைப் பிடித்திருந்தது. எண்ணூர் உப்பங்கழியில் அன்று தண்ணீர் அசைவதே தெரியவில்லை. காலைப் பனி முழுக்க விலகவில்லை. எதிர்க்கரையில் சவுக்கு மரங்கள் நிற்கின்றனவா, நிற்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோமா என்று சொல்ல முடியாது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். நான், என்னோடு படித்த பாலன், தோணி தள்ளிய என் தாய்மாமன் கஸ்மீர். மாமா மூங்கில் கோலைச் சேற்றில் ஊன்றி அதிலேயே சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

ரங்கையாவுக்கு நல்ல குரல். ஆங்கிலத்தில் அவர் பேசினால் ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வந்து நிற்கும். பாடத்தை முடித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், உட்கார்ந்தார்.

"எப்படி?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றேன் நான்.

பாலன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரங்கையா, நான் பாதியில பூட்டேன்."

"எங்கே போனே?"

"எங்க வூட்டுக்கு. புளியந்தோப்புக்கு."

ரங்கையா சிரித்தார். பாலன் சிரிக்கவில்லை. "கடல் தண்ணி அதும் ஒடம்புக்குள்ள பூர்ற எடத்துல ஒரு சல்லடை கீதுன்னு சொன்னே பாரு, அங்கதான் பூட்டேன். எங்கம்மா மாவு சலிக்கிற சல்லடை ஓரத்துல கிழிஞ்சி கெடக்குது. அத்த மாத்தணும்னு அம்மா சொல்லிகினே கீது. அந்த நெனப்புல எங்க வூட்டு அடுப்பங்கரையில கொஞ்ச நேரம் குந்திகினு இருந்தேன். திரும்பி வந்தா நீ மீனோட காலுக்குப் போய்ட்டே. சல்லடையில பூந்த தண்ணி காலுக்கு எப்படிப் போச்சு? எனக்குத் தெரியாது."

ரங்கையாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "நான் அதைத்தான் ஐந்து நிமிஷம் சொன்னேனே, அய்யா!"

"சொல்லிருப்பே. நான் ஊர்ல இல்லியே."

### கால் தேய்க்கும் ஓசை

நாங்கள் ஏன் தோணியில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

மூவரும் விலங்கியலில் பட்டம் முடித்து, படித்த கல்லூரியிலேயே ஆய்வு மாணவர்களாக இருந்தோம். முப்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்டால் என் தங்கை ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன்.

ஆய்வு மாணவர்கள் இண்டர்மீடியட் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்று எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. வகுப்பு எடுக்காதவருக்கு ஆய்வுக்கூடத்தில் இடமில்லை. ஆனால் எப்படி எடுப்பது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நண்டின் வயிற்றை எப்படி அறுப்பது என்று சொல்லித் தந்தார்கள். நாற்பது முகங்களுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று சொல்லித் தரவில்லை. எங்கள் பேராசிரியர் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதியிருந்தோம். இப்போது நாங்கள் சொன்னோம், பிள்ளைகள் எழுதினார்கள். கற்பிப்பது என்றால் அதுதான் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

நான் பெண் என்பதால் எனக்குக் கொடுத்தது பெண்கள் மட்டும் உள்ள சின்ன வகுப்பு. அவர்கள் மரியாதைக்காரப் பெண்கள். கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். ரங்கையாவின் வகுப்பு கலகலப்பாக இருக்கும். வெளியே வந்ததும் அவர் சொன்னதில் ஒன்றும் யாருக்கும் நினைவிருக்காது.

பாலனின் வகுப்புதான் பேஜாராக இருந்தது.

பாலன் புளியந்தோப்பில் ஒரு பௌத்தக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவும் அண்ணனும் மில் வேலை. அப்போது விலங்கியலுக்கும் பி.ஏ. பட்டம்தான். அந்தத் தெருவில் பி.ஏ. என்று பலகை மாட்டிய முதல் வீடு அவர்களுடையது. நண்டு சட்டை உரிப்பதைப் பற்றி அவர் செய்துவந்த ஆய்வைப் பேராசிரியரே வெளியூர்க்காரர்களுக்குக் காட்டிப் பெருமைப்படுவார். ஆனால் வகுப்பில் நின்றால் பாலன் தலையை நிமிர்த்த மாட்டார். கையிலிருக்கும் தாளைப் பார்த்து, அந்தத் தாளுக்கு மட்டும் கேட்கிற குரலில் படிப்பார்.

பிள்ளைகள் செருப்புக் காலைத் தரையில் தேய்க்கத் தொடங்குவார்கள். முதலில் ஒருவன், அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் அறை முழுக்க. பாடம் புரியாமல் தேய்த்தவர்கள் உண்டு. பாடம் எடுப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்து தேய்த்தவர்களும் உண்டு. இரண்டு ஓசையும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதுதான் பாலனுக்குப் பெரிய வேதனை. "எது இன்னாத்துக்குன்னு தெரிஞ்சா தாங்கிக்கலாம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

கடைசியில் சில பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு, வேறு ஆசிரியர் வேண்டும் என்று முதல்வருக்கு மனுக் கொடுத்தார்கள். பேராசிரியர் பாலனைக் கூப்பிட்டனுப்பினார். "பொங்கல் விடுமுறை முடிந்ததும் நானே வந்து உட்காருகிறேன், மிஸ்டர் பாலன். அப்போதும் இப்படித்தான் என்றால் எனக்கு வேறு வழியில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பாலன் அன்று அவ்வளவு வெளிறியிருக்க மாட்டார்.

வகுப்பு போனால் ஆய்வுக்கூடம் போகும். ஆய்வுக்கூடம் போனால் அண்ணன் நிற்கிற தறிக்குப் பக்கத்துத் தறி.

### அம்மா விதித்த நிபந்தனை

"யாருமில்லாத இடத்தில் நின்று பேசிப் பழகலாம்" என்றார் ரங்கையா. கல்லூரியில் யாருமில்லாத இடம் கிடையாது. நாங்களோ நண்டும் சிப்பியும் பொறுக்குவதற்காகச் சனிக்கிழமைகளில் எண்ணூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். என்னைத் தனியாக விடமாட்டார்கள் என்பதால் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவரும் கூட வருவார். கரையிலேயே வேலையை முடித்துவிட்டுத் திரும்புவோம். தோணியில் போனால் நடுக்கழியில் கேட்பார் யாருமில்லை என்று நான்தான் சொன்னேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"தோணியிலயா? ரெண்டு ஆம்பளப் பசங்களோடயா? இன்னாடி பேசறே நீ?"

"பாடம் நடத்திப் பழகறதுக்கும்மா."

"பாடம் நடத்த பள்ளிக்கூடம் கீது. தண்ணி மேல இன்னா பாடம்?"

அப்பா ரயில்வேயில் கார்டு. அன்று ஓய்வு நாள். அவர்தான் வழி சொன்னார். "எண்ணூர்ல ஒன் தம்பி தோணி வச்சிகினு கீறானே. கஸ்மீரு கூட இருந்தா இன்னா?"

அம்மா நெடுநேரம் யோசித்தாள். "கஸ்மீரு இருந்தா போ. அவன் தூங்கினா எழுப்பிவுடு" என்றாள்.

அம்மாவின் நிபந்தனையை நாங்கள் காப்பாற்றவில்லை. மாமாவை எழுப்பியதே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ராயபுரத்தில் ரயிலேறுவோம். தண்டையார்ப்பேட்டைப் புகையும் திருவொற்றியூர் கோபுரமும் தாண்டி உப்பளங்கள் தெரிய ஆரம்பித்ததும் பேச்சு தானாக நின்றுவிடும். வெள்ளைப் பாத்திகள், பாத்திகளில் வானம், வானத்தில் குனிந்து நின்று உப்பு வாருகிற பெண்கள். இன்றைக்கும் தூக்கம் வராத சமயங்களில் அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

### எங்கே போனீர்கள்?

ரங்கையாவின் நட்சத்திர மீனுக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாடம் முடிந்ததும் நன்றாக இருந்தது, இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. மனசு எந்தச் சொல்லில் கழன்றது, எங்கே போனது, எப்போது திரும்பியது, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். போன இடத்தைச் சொல்வது அவரவர் வீட்டுப் பேச்சில்.

எத்தனை இடங்களுக்குப் போனோம்! ரங்கையா கல்யாணமாகாத தன் அக்காவிடம் போவார். பாலன் ஒருமுறை, எப்போதோ இறந்துபோன ஒரு நாயிடம் போய்விட்டு வந்தார். நான் பெரும்பாலும் கடற்கரைக்கே போவேன். கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கே போனேன் என்று சொன்னதும் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக அனுமதியுங்கள்.

சின்ன வயதில் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அப்பாவின் பக்கத்தில் உட்காருவேன். சாமியார் பிரசங்கம் தொடங்கியதும் அப்பாவின் கண்கள் எங்கோ போய்விடும். ஒருநாள் வீடு திரும்பும் வழியில், "சாமி பேசறப்ப நீ எங்கப்பா போயிட்டே?" என்று கேட்டேன். அப்பா வெட்கப்பட்டார். "கூட்ஸ் வண்டி கடைசிப் பெட்டியில தனியா குந்திகினு போவேன் இல்ல கண்ணு. அரக்கோணத்துக்கு முன்னால ஒரு ஏரி வரும். அந்த ஏரிக்கிட்டதான் போவேன்" என்றார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தண்ணிதான்" என்றார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ இருக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. பின்னால் நானும் ஒருநாள் அந்த ஏரியை ரயிலிலிருந்து பார்த்தேன். அப்பா சொன்னது சரி. தண்ணீர்தான்.

என் முறை வந்தபோது நான் பாறையில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நன்றாகத் தயாரித்திருந்தேன், நிறையக் கேள்விகளோடு. முடித்ததும் பாலன் சொன்னார்: "நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. தலைகீழா ஒட்டிகினு கீற பிராணி எப்படிச் சாப்பிடும்னு. நல்ல கேள்வி. நான் யோசிக்கக் கெளம்பினேன். செருப்பு போட்டுகினு வாசலுக்கு வர்றதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிட்டீங்க. அப்பால எனக்கு அங்க இன்னா வேலை? நான் அப்படியே வெளிய பூட்டேன்."

அன்று ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பிக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் என் பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனம் பொறுக்க முடியாததாக இருந்தது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடைசி வரிசையிலிருந்து, அதுவரை வாயே திறக்காத பெண் ஒருத்தி, "காலால் வாரிச் சாப்பிடுமோ, மிஸ்?" என்றாள். அது சரியான பதில். கொட்டலசு காலால் வாரித்தான் சாப்பிடும்.

இப்படி ரங்கையாவும் நானும் வாரத்துக்கு வாரம் தேறினோம். தேற வேண்டியவர் தேறவில்லை.

பாலன் தோணியிலும் தாளைத்தான் பார்த்தார். "முதல் வார்த்தையிலேயே போய்விட்டேன், மன்னிச்சுக்கோ" என்பார் ரங்கையா. ஒருநாள் கஸ்மீர் மாமா விழித்துக்கொண்டு, "நைனா, தொண்டைய தொறந்து பேசு. மீனுக்கா ரகசியம் சொல்றே?" என்றார். பாலன் கண்ணை மூடிக்கொண்டு உரக்கக் கத்தினார். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் திரும்பும்போது, "மில்லுல சத்தம் ஜாஸ்தி. அங்க யாரும் பேச வேண்டியதில்ல" என்றார்.

அதைக் கேட்டு ரங்கையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எங்க ரெண்டு பேருக்கும் வாத்தியாரா இருந்திருக்கே, தெரியுமா? நாங்க எங்கே தப்பினோம்னு உனக்குத்தான் தெரிஞ்சது. எங்களைக் கேட்கிற மாதிரி அந்தப் பசங்களைக் கேளேன்!"

"அவங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன, மாலையா போடறாங்க?"

ரயில் கொருக்குப்பேட்டையில் வழக்கம்போல நின்று யோசித்துவிட்டுப் புறப்பட்டது.

### மூன்றாம் வரிசைப் பையன்

பேராசிரியர் சொன்னபடி வந்தார். சரிகைத் தலைப்பாகை, கழுத்து வரை மூடிய கோட்டு. கடைசி வரிசையில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். ரங்கையாவும் நானும் நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளை அடுக்குகிற சாக்கில் பக்கத்து அறையில் இருந்தோம். நடுக்கதவு திறந்திருந்தது.

அன்றைய பாடம் பாலனுடைய சொந்த விஷயம். நண்டு தன் ஓட்டைக் கழற்றுவது. அதற்கு ஆங்கிலத்தில் 'எக்டிஸிஸ்' என்று பெயர். பாலன் தாளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார். இன்னும் இரண்டு வாக்கியம் படித்திருப்பார். செருப்புத் தேய்க்கும் ஓசை கேட்டது. பேராசிரியர் இருக்கிறார் என்பதால் மெதுவாக, மழை தொடங்குவது போல.

பாலன் நிறுத்தினார். ரங்கையா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார் பாலன். நிமிர்ந்தார். ஆங்கிலத்தில், நடுங்கும் குரலில், "உங்களை நான் எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது. எந்த இடத்தில்?" என்றார்.

ஓசை நின்றது. மூன்றாம் வரிசையில் ஓர் உயரமான பையன். மனுவில் முதலில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான் என்று எங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தபடியே, "முதல் வார்த்தையில், சார்" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு.

பாலன் காத்திருந்தார். தோணியில் காத்திருப்பதைப் போலவே. சிரிப்பு ஓய்ந்ததும் அந்தச் சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதினார். "நல்லது. இதைக் கேட்டதும் எங்கே போனீர்கள்?"

"எங்கேயும் போகவில்லை, சார்."

"போனீர்கள். ஏதோ ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். அது எதுவாயிருந்தாலும் சரி."

பையன் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். ஏதோ கிண்டலாகச் சொல்லத்தான் எழுந்தான் என்று நினைக்கிறேன். எழுந்தவன் பலகையைப் பார்த்தான். முகம் மாறியது. "தைசிஸ் மாதிரி இருந்தது, சார்" என்றான்.

க்ஷயரோகத்துக்கு அந்தக் காலத்து டாக்டர்கள் சொல்லும் பெயர் அது.

"யாருக்கு?" என்று பாலன் கேட்டார். அந்த ஒரு சொல்லைத் தமிழில் கேட்டார்.

"என் தங்கச்சிக்கு. ஆஸ்பத்திரியில இருக்கா."

பாலன் மேடையிலிருந்து இறங்கி அவன் வரிசை அருகே போய் நின்றார். பிறகு, "அங்கே போனதில் தப்பில்லை. என் பாடத்தைவிட அது பெரிய விஷயம்" என்றார். "இந்தச் சொல்லுக்கும் அந்த நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதற்கு உடுப்பைக் கழற்றுவது என்று அர்த்தம். கிரேக்கச் சொல். நீங்கள் திரும்பி வந்ததும் சொல்லுங்கள். அதுவரை நாங்கள் காத்திருப்போம்."

பையன் உட்கார்ந்தான். சிறிது நேரம் கழித்து, "சொல்லுங்க, சார்" என்றான்.

பாலன் சொன்னார். தாள் இல்லாமல், மெல்லிய குரலில்தான் சொன்னார். நண்டு பின்பக்கமாக வெளியே வருவதை, ஒவ்வொரு காலையும் கண்காம்பையும் உருவிக்கொள்வதை, வெளியே வந்த பின் உடம்பு வெண்ணெய் போலிருப்பதை, தண்ணீரை விழுங்கித் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு புதிய ஓடு இறுகும்வரை ஒளிந்திருப்பதை. நடுவே இரண்டுமுறை நிறுத்தி, "யாராவது போய்விட்டீர்களா?" என்று கேட்டார். ஒருவன் கை தூக்கினான். அவனுக்காகத் திரும்பவும் சொன்னார்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ஜன்னலோர வரிசையில் நாலைந்து பேர் கடைசிவரை காலைத் தேய்த்தார்கள். அன்று முதன்முதலாக அந்த ஓசை எதற்காக என்று பாலனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர்களில் சிலர் பிறகு வேறு வகுப்புக்கு மாறிக்கொண்டார்கள்.

பாடம் முடிவதற்குள் பேராசிரியர் எழுந்து போய்விட்டார்.

### பேராசிரியர் கேட்டது

இரண்டு நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பேராசிரியர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பாலனின் மேஜை ஓரத்தில் நின்று, "அந்த வகுப்பு உங்களிடமே இருக்கட்டும்" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "நாளை எனக்கு ஆனர்ஸ் வகுப்பு. நீங்கள் வந்து பின்னால் உட்கார முடியுமா?"

பாலன் போனார். அந்த வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு நாங்கள் வராந்தாவில் நின்றோம். உள்ளே பேராசிரியர் கையில் சாக்குக்கட்டியோடு மேஜையருகே உட்கார்ந்திருந்தார்.

"எங்கே போனீர்கள், மிஸ்டர் பாலன்?"

பாலன் எழுந்து நின்றார். "சிப்பியின் வாழ்க்கைப் பருவங்கள் என்று தொடங்கினீர்களே, சார். அங்கேயே போய்விட்டேன்."

அவ்வளவு பெரிய மனிதரிடம் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று நான் ரங்கையாவைப் பார்த்தேன். பேராசிரியர் தலைப்பாகையைக் கழற்றி மேஜையில் வைத்தார். உள்ளே முடி முழுக்க நரைத்திருந்தது. நாங்கள் அதைப் பார்த்ததில்லை.

"அந்த இடத்தில் நானும் இருப்பதில்லை" என்றார். "பல வருஷமாக."

பிறகு, நீங்கள் சனிக்கிழமைகளில் எங்கோ போகிறீர்களாமே, என்று கேட்டார்.

### நிறைந்த தோணி

அந்தச் சனிக்கிழமை மாமாவின் தோணியில் வழக்கத்தைவிடக் கூட்டம். பேராசிரியர், அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்கள் இருவர், நாங்கள் மூவர். மாமா ஏற இறங்கப் பார்த்தார். "இம்மாம் பேரா? தண்ணி வத்திகினு வருது, ஐயா" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. நடுக்கழியில் தோணி சேற்றில் தட்டி நின்றது. மாமா கோலைப் போட்டுத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "இனி தண்ணி ஏறினாத்தான். குந்துங்க" என்று சொல்லி, கோலைச் சேற்றில் ஊன்றிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

வெயில் மெல்லியதாக இருந்தது. சுற்றிலும் ஈரச் சேறு வெள்ளி போல மின்னியது. புது மாணவர்கள் பேராசிரியருக்கு முன்னால் மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். பாலன் அவர்களைப் பார்த்தார். பிறகு, "முதலில் சார் எடுக்கட்டும்" என்றார். அவ்வளவு இயல்பாக அவர் ஒரு கூட்டத்தை நடத்தி நான் பார்த்தது அன்றுதான்.

பேராசிரியர் கோட்டுப் பையைத் தடவினார். நோட்ஸ் கொண்டுவரவில்லை. "சிப்பியின் வாழ்க்கைப் பருவங்கள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"அங்க எங்க போவீங்க, சார்?" என்று பாலன் கேட்டார்.

பேராசிரியர் தமிழில் பதில் சொன்னார். நாங்கள் அவர் தமிழில் பேசி அதிகம் கேட்டதில்லை. இளவயதில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்தாராம். சிப்பிக் குஞ்சு பிறந்ததும் தண்ணீரில் நீந்தித் திரியும், தூசு மாதிரி. பிறகு ஒருநாள் ஓரிடத்தைத் தேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அங்கேதான். அந்த ஒட்டும் கணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை அவருக்கு. ஜாடியில் கடல் தண்ணீர் வைத்து, ஒரே ஒரு குஞ்சைப் பூதக்கண்ணாடியோடு தொடர்ந்தாராம். அது எங்கெங்கே போய் மோதியது, எந்தக் கிளிஞ்சலைத் தொட்டுப் பார்த்து வேண்டாமென்று விலகியது, எப்படித் திரும்பத் திரும்ப ஒரே மூலைக்கு வந்தது என்று விரலால் காற்றில் காட்டிக் காட்டிச் சொன்னார். நாங்கள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்புறம்?" என்றான் புது மாணவர்களில் ஒருவன், பயத்தை மறந்து.

"வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பாடம் நடத்தப் போனேன். வந்து பார்த்தால் ஒட்டிவிட்டிருந்தது." சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்தார். "அது எப்படிச் செய்தது என்று நான் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்."

அந்தக் குஞ்சு எப்படி இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று ரங்கையா கேட்டார். புது மாணவன் ஒன்று சொன்னான். இல்லை என்று மற்றவன் மறுத்தான். பேராசிரியர் தெரியாது என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பாலன் ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொடுத்துக்கொண்டேயிருந்தார். எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது.

கடைசியில் அவர் வழக்கம்போலக் கேட்டார்: "யாராவது எங்கயாவது போனீங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவருக்கும் சொல்ல ஓர் ஊர் இல்லை.

கஸ்மீர் மாமா திடுக்கிட்டு எழுந்தார். "நாம எங்க போறது?" என்றார். "தோணி போய்கினு கீது!"

நிமிர்ந்து பார்த்தோம். சேற்றைக் காணோம். கழி முழுக்கத் தண்ணீர் ஏறியிருந்தது. நாங்கள் புறப்பட்ட கரை எங்கோ தூரத்தில் இருந்தது. மாமாவின் மூங்கில் கோல், அவர் ஊன்றிய இடத்திலேயே, வெகு பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தது.